இரண்டு மடங்கு பசை

என் அக்கா பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பழைய கார்களைப் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில்.

அன்று, அக்கா பழுது பார்த்து முடித்திருந்த பக்கத்து வீட்டு மாமாவின் அறுபது வருடப் பழைய காரை நாங்கள் ஓட்டிப் பார்த்தபோது, ஆயில் அழுத்தம் காட்டும் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்தது. அக்கா உடனே இன்ஜினை நிறுத்தினாள். அவள் முகம் வெளிறிவிட்டது. ஆயில் ஏறாமல், உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால், அந்த இன்ஜினுக்கு மாற்றே கிடைக்காது.

ஆயில் அளவு சரியாகத்தான் இருந்தது. காரைக் கட்டி இழுத்து வந்து, வேறு மீட்டர் மாட்டி, இன்ஜினை ஓடவிடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றிப் பார்த்தாள். அந்த முள்ளும் அசையவில்லை.

"மீட்டர் பொய் சொல்லலடி," என்றாள்.

அடியிலிருந்த ஆயில் தொட்டியைக் கழற்றினாள். ஆயிலை உறிஞ்சும் சல்லடையைப் பசைத் துண்டுகள் அடைத்திருந்தன. ஒழுகிவிடுமோ என்று பயந்து, போன வாரம் தொட்டியின் விளிம்பில் அவளே இரண்டு மடங்கு தடவிய பசை அது.

"என்னம்மா, ஆயில் பம்ப் போச்சா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. நான்தான் பசையை அள்ளி அப்பிட்டேன்."

"காருக்கு மேக்கப்பா போட்ட?"

அக்கா சிரிக்கவில்லை. பேரிங்கைக் கழற்றி நகத்தால் வருடினாள். கீறல் இல்லை.

சல்லடையைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டியதும், மறுநாள் முள் ஏறி நின்றது. அப்போதும் அக்கா சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.