கம்பம் நட ஓரிடம்

எழுபதுகளின் கடைசியில் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், எங்கள் காட்டிலேயே நானும் என் மச்சானும் கூட்டாகத் தறிக்கூடம் போட்டோம். விசைத்தறிகள் வந்து இறங்கிவிட்டன. நூல் இருந்தது, துணி எடுக்கத் திருச்செங்கோட்டில் ஆள் இருந்தது. கரண்ட் மட்டும் இல்லை. தொழில் வளர என்னென்னவோ வேண்டும் என்பார்கள். எங்களுக்கு வேண்டியது ஒரு மின்கம்பம் நிற்க இடம். அது என் பெரியப்பா மகனான அண்ணனின் சோளக்காட்டில் இருந்தது.

எங்கள் பக்கம் இதற்கு 'ஒரு வார்த்தை கேக்கறது' என்பார்கள். எழுதி வாங்குவதல்ல. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கேட்பது. சேலம் டவுனில் வளர்ந்த மச்சானுக்கு அது பிடிபடவில்லை. "நான் பாத்துக்கறேன் மாமா" என்று நேரே மின்சார ஆபீசுக்குப் போய், ஆட்களைக் காட்டுக்குள் இறக்கிவிட்டான். அண்ணன் களைக்கொத்தோடு ஓடிவந்ததும், சோளத்துக்கு ஈடு தருகிறோம் என்று வேறு சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், அண்ணன் குழி தோண்ட விடவில்லை. வந்தவர்கள் சம்மதம் வாங்கி வாருங்கள் என்று போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் மச்சானையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சாமி. ஈடு குடுக்கற பெரிய மனுசங்களுக்கு இங்க நாற்காலி கெடையாது. கயித்துக் கட்டல்லதான் உக்காரோணும்."

"அவசரப்பட்டுட்டனுங்க மாமா" என்றான் மச்சான்.

"அவசரம் உனக்கு. சோளத்துக்கு என்ன அவசரம்? இன்னும் பாலே புடிக்கல."

மோர் வந்தது. குடித்தோம்.

"ஏனுங்ணா, கரண்ட் வராட்டி தறியெல்லாம் துருப்புடிச்சுப் போயிருமுங்க" என்றேன்.

"அத நீ வந்து சொல்லோணும். ஆபீஸ்காரனா சொல்றது?"

"இப்பச் சொல்றனுங்க. உங்க காட்டுல ஒரு கம்பம் நட எடம் வேணுமுங்ணா."

அவர் காட்டைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே போனோம். காட்டு மூலையில், வரப்பின் மேல் குதிகாலை ஊன்றிக் காட்டினார். "இங்க நட்டுக்க. நடுக்காட்டுல நட்டா, ஏரச் சுத்தித் திருப்பறது ஆரு? உன்ற மச்சானா?"

மச்சானே முதலில் சிரித்தான்.

ஆபீசில் அந்த இடத்துக்கே சரி என்றார்கள். கரண்ட் வந்து தறி ஓடிய அன்று அண்ணன் தறிக்கூட வாசலில் வந்து நின்றார். ஏதோ சொன்னார். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையசைத்து, என் காதருகே வந்து கத்தினார்:

"ஓடட்டும் விடு!"