கடைசி வீட்டு விசில்

இந்த நகரத்தின் பாதுகாப்பு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய சம்பவம் இது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என் இரு கண்களால் கண்டது, இரு காதுகளால் கேட்டது. அப்போது நான் கிழிந்த லுங்கியில், பாதித் தூக்கத்தில் இருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நன்றாக இருக்காது.

பேய் என்றதும் நள்ளிரவு, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். எதுவும் கிடையாது. இது நடந்தது பட்டப்பகலில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர் இறங்கும். சாப்பாடு. பிறகு நாலு மணி வரை ஊரே படுத்துவிடும். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஆள் குடியிருப்பவை நாற்பது வீடுகள். அந்த நேரத்தில் நாற்பது வீட்டிலும் மின்விசிறி ஓடும்; வேறெதுவும் ஓடாது. இது திருடர்களுக்கும் தெரியும். இந்த வருஷம் எங்கள் தெருவில் நடந்த மூன்று திருட்டும் மதியத் தூக்கத்தில் நடந்தவைதான்.

ஆகவே ஒரு குழு அமைத்தோம். பெயர், 'அனைத்துக் குடியிருப்போர் விழிப்புணர்வுக் காவல் பேரவை'. தலைவர் கோபிநாத், ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். எதைக் கண்காணித்தார் என்று யாரும் கேட்டதில்லை. ஒளிரும் பச்சைச் சட்டையும் முழங்கை நீள டார்ச்சுமாக இரவு பத்து மணிக்கு ரோந்து புறப்படுவார். திருட்டு பகலில்தானே நடக்கிறது என்று கேட்டேன்.

"பகல்ல ஜனங்க தூங்கறாங்க. நான் மட்டும் வெயில்ல நடந்தா யாருப்பா பார்ப்பாங்க?" என்றார்.

நியாயம்தான். நான் துணைச் செயலாளர். என் வேலை கைதட்டுவது.

ஞாயிற்றுக்கிழமை தொடக்க விழா. வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தோம். தலைவரே தேடிப் பிடித்து வாங்கி வந்தது. வெள்ளிபோல் பளபளவென்று, சிவப்புக் கயிற்றில். ஆபத்து என்றால் ஊத வேண்டும். கேட்டவர்கள் பதிலுக்கு ஊதிக்கொண்டே ஓடி வர வேண்டும். விளையாட்டுக்கு ஊதினால் நூறு ரூபாய் அபராதம். முதல் விசிலை மைக் முன் நின்று தலைவர் ஊதினார், கன்னம் இரண்டும் உப்ப. அதே நொடியில் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். புகை அடங்கியதும் கைதட்டினோம்.

கடைசி வீட்டு அஞ்சலாட்சியம்மா மட்டும் தட்டவில்லை. மில்லில் வேலை பார்த்தவர். அறுபது தாண்டியும் தனியாகவே இருந்தார். கழுத்தில் ஒரு தங்கச் செயின், வாயில் எப்போதும் ஒரு கேள்வி.

"தலைவரே, இத ஊதுனா வருவீங்களா, பொரண்டு படுப்பீங்களா?"

"பேரவை எப்பவும் விழிச்சிருக்கும்மா."

"மதியானத்துல உங்க கொறட்ட என் வூடு வரைக்கும் கேக்குது. அதான் கேட்டேன்."

கூட்டம் சிரித்தது. கோபிநாத் டார்ச்சைத் துடைத்துக்கொண்டார். போகும்போது அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது வா தம்பி."

"வரேன்க்கா" என்றேன். விழாவில் சொல்கிற பேச்சுதானே.

வியாழக்கிழமை. சாப்பிட்டுப் படுத்திருந்தேன். கண் சொருகுகிற நேரம். அப்போது கேட்டது.

விசில். நீளமாக. உள்ளே சின்னக் குண்டு உருளுமே, அந்த அதிர்வோடு... குர்ர்ர்ர்ர்.

செல்போனைப் பார்த்தேன். 2.40.

பக்கத்தில் படுத்திருந்த மனைவியைத் தட்டினேன். "ஜெயம், விசில் சத்தம் கேக்குதா?"

"எந்த விசிலு? குக்கரக் கழுவிக் கவுத்தாச்சு. படுங்க."

படுத்தேன். மறுபடி கேட்டது... குர்ர்ர்ர்ர். இம்முறை நிற்கவே இல்லை. மூச்சு விடாமல் யாராலும் அவ்வளவு நேரம் ஊத முடியாது.

ஆணியில் தொங்கிய என் விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் தார் பளபளத்தது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. ஒரு காக்கைகூட இல்லை. விதிப்படி பதிலுக்கு ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. வாய் உலர்ந்துவிட்டது, பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபிநாத் வீட்டுக் கொடியில் பச்சைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கேட்டைத் தட்டினேன். உள்ளிருந்து குறட்டை மட்டும் பதில் சொன்னது.

நடந்தேன். சத்தம் கடைசி வீட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. ஆனால் ஒன்று சரியாக இல்லை. கிட்டே போகப் போகச் சத்தம் கூட வேண்டும் அல்லவா? கூடவில்லை. என் படுக்கையில் கேட்ட அதே அளவு. என் காதோரத்திலேயே யாரோ ஊதுவதுபோல.

அஞ்சலாட்சியம்மா வீட்டுக்குள் இருந்தாலும் கேட்டைப் பூட்டி வைப்பவர். அன்று பூட்டு திறந்து தொங்கியது.

வாசலில் காலையில் போட்ட கோலம். அதன் நடுவில் ஒரு செருப்புத் தடம்.

கதவு சாத்தியிருந்தது. கதவின் அடியில் எறும்புச் சாரை... உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அக்கா?"

விசில் நின்றது.

"அக்கா... நான்தான்."

குர்ர்ர்ர்ர்... கதவுக்கு அந்தப் பக்கம். தரையை ஒட்டி.

தள்ளினேன்.

படுத்திருந்தார். தலைக்கடியில் ரத்தம், காய்ந்து கறுத்திருந்தது. கழுத்தில் செயின் இல்லை. சிவப்புக் கயிறு இருந்தது. விசில் பல்லிடுக்கில். வெள்ளிப் பூச்சு முழுக்கக் கடிபட்டு உரிந்திருந்தது.

கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது.

கண் திறந்திருந்தது. வாசலைப் பார்த்தபடி.

உதடு அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவே இல்லை.

இன்னொரு முறை கேட்டது.

குர்ர்ர்...

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. நான் போட்ட கூச்சலில் நாற்பது வீடும் விழித்துக்கொண்டது. கோபிநாத் பச்சைச் சட்டையைத் திருப்பிப் போட்டபடி கடைசியாக வந்தார்.

சிவப்புத் தொப்பிக் காவலர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"எத்தினி மணிக்கு விசில் கேட்டீங்க?"

"ரெண்டு நாப்பது."

"அந்தம்மா பகல் பன்னெண்டுக்குள்ளயே போயிட்டாங்கன்னு டாக்டர் சொல்றாரு சார்."

"நான் கேட்டேனே."

"பக்கத்து வூட்டுக் குக்கரா இருக்கும்."

பக்கத்து வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. தெருவில் வேறு யாரும் எதையும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

இரங்கல் கூட்டத்தில் கோபிநாத் முக்கால் மணி நேரம் பேசினார். கடைசி மூச்சு வரைக்கும் பேரவையின் விசிலைக் கைவிடாத வீராங்கனை என்றார். நான் கைதட்டவில்லை. இரங்கல் கூட்டத்தில் தட்டக்கூடாது என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

பத்து நாளில் ஒருவன் பிடிபட்டான். கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்திருப்பதாகச் சொல்லி, காலை பதினோரு மணிக்குக் கேட்டைத் திறக்க வைத்திருக்கிறான். செயினைப் பிடித்து இழுத்ததில் அந்தம்மா விழுந்து படியில் தலை மோதியது. அவன் சொன்னதைக் காவலர் என்னிடம் அப்படியே சொன்னார். அன்று குக்கரைப் பற்றி அவர் பேசவில்லை.

"வுழுந்த பொறவும் விசில எடுத்து வாயில வெச்சு ஊதுச்சு சார். தெருவே கூடிடும்னு ஓடப் பாத்தேன். சத்தமே வரல. அது வுடாம ஊதிக்கினே இருந்துச்சு. யாரும் வரல. அப்புறம் பொறுமையா கதவச் சாத்திட்டுப் போனேன்."

அன்றிரவு என் விசிலை எடுத்து ஊதினேன். காற்று. ஜெயம் ஊதினாள். காற்று. எதிர்வீட்டிலும் அப்படியே.

அடுத்த ஞாயிறு, சண்டே மார்க்கெட்டில் அதே பொருள் குவிந்திருந்த கடையில் நின்றேன். விசிலைக் காட்டினேன்.

"இது ஊதலியேப்பா."

கடைக்காரர் சிரித்தார். "எப்பிடிண்ணே ஊதும்? உள்ள அடைச்சிருக்கு பாருங்க, தொளையே கெடையாது. ஊதற விசிலு அந்தப் பக்கம் இருக்கு. ஒரு சாரு வந்து இதுல நாப்பது அள்ளிக்கினு போனாரு. ஏதோ கல்யாணத்துல குடுக்கறாரு போலன்னு நெனச்சேன்."

நாற்பது வீட்டுக்கும் நாங்கள் கொடுத்தது விசில் வடிவக் கீ செயின்.