அப்காஸ் என்றால் காஸ் போட்டுது

அக்காவுக்கு வேலைக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் தலையிடி. அந்தக் குளிர்காலம் முழுக்க இதை நாங்கள் பகிடியாகவே வைத்திருந்தோம்.

“என்ரை மூஞ்சையைக் கண்டாத்தான் இவவுக்கு இடிக்கத் தொடங்குது தம்பி,” என்பார் அண்ணை.

“கலியாணம் கட்டின நாளிலையிருந்து காணுறன். இப்பதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கு,” என்று அக்கா நெற்றியைப் பிடித்தபடி சொல்லுவா.

மூன்று பேரும் சிரிப்போம். 

அவர்கள் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. இந்த நாட்டில் நான் ஒரு ஊரில் நிலையாக இருந்தவனும் இல்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்று போனது, பிறகு எல்லாமே பாதிதான். கோப்பை கழுவினேன், மூட்டை தூக்கினேன், பிரெஞ்சு பேசும் ரெனானில் ஒரு ஹைசுங்காரனுக்கு ஒரு குளிர்காலம் கையாளாக நின்றேன். ஹைசுங் என்றால் வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு. அந்த வேலையும் முடிந்து ஜெர்மன் பேசும் ஓஸ்டர்முண்டிகனுக்கு வந்தபோது படுக்க இடமில்லை. அண்ணைதான் தன் வீட்டு முன் அறையைத் தந்தார். அவர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அக்கா முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

வீடு பழையது. எப்போது இடிப்பார்கள் என்று தெரியாததால் சொந்தக்காரன் ஒன்றையும் மாற்றவில்லை. மற்ற இடங்களில் நிலக்கீழ் அறையில் ஒரு பெரிய மெசின் இருந்து கட்டடம் முழுவதையும் சூடாக்கும். இங்கே அவர்களுடைய தளத்துக்கென்று தனியாக ஒரு காஸ் பொயிலர். குசினியோடு ஒட்டிய, முந்தி சாமான் வைத்த சின்ன அறையில் சுவரில் தொங்கியது. அதன் எதிர்ச் சுவரில் ஒரு முருகன் படம். படத்துக்குக் கீழே ஒரு பலகைத்துண்டு, அதில் திருநீறும் ஊதுபத்தி குத்தும் தாங்கியும். இங்கே எங்கள் ஆட்கள் வேறு இடமில்லாமல் இப்படி மூலையில்தான் சாமியை வைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் போன முதல் கிழமையே பொயிலரில் கை வைத்தேன். அக்காவின் அறையில் சுடுதண்ணீர் ஓடும் ரேடியேற்றர் அடியில் சுட்டது, மேலே குளிர்ந்தது. உள்ளே காற்று நின்றால் அப்படித்தான். பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியைத் திருப்பிக் காற்றைப் போக விட்டேன். காற்றுப் போனதும் தண்ணீரின் அழுத்தம் குறைந்தது. குழாயைத் திறந்து, அழுத்தம் காட்டும் முள் பச்சைக் கோட்டுக்குள் வரும்வரை தண்ணீர் விட்டேன். அன்றிலிருந்து எனக்கு ‘ஹைசுங் டொக்டர்’ என்று பெயர்.

“டொக்டர், சாப்பிட வாங்கோ,” என்பா அக்கா. “பீஸ் சோத்திலை கழிச்சிருக்கு.”

ஆனால் பொயிலருக்கு இருந்த ஒரு வருத்தம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பொயிலர் திடீரென்று தானாக நின்றுவிடும். முகப்பில் சிவப்பு வெளிச்சம் மினுங்கும், ஒரு இலக்கம் வரும். அதுவும் அக்கா சமைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் நிற்கும். அண்ணை போய்ப் பொத்தானை அமத்துவார். உள்ளே ‘டிக் டிக்’ என்று பொறி அடித்து நீலச் சுவாலை எழும்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கும். மறுபடியும் அமத்துவார். அவர் வேலைக்குப் போன நேரங்களில் அக்கா அமத்துவா.

மூடிக்கு உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த இலக்கத்துக்கு நேரே ‘அப்காஸ்’ என்று தொடங்கும் ஒரு நீட்டு ஜெர்மன் சொல். எனக்கு ஹைசுங் வேலை தெரிந்தது பிரெஞ்சில். ஜெர்மன் அப்போதுதான் வாயில் நுழையத் தொடங்கியிருந்தது. அண்ணைக்கு ஜெர்மன் தெரியும், அதாவது ஸ்டேசனிலும் வேலையிடத்திலும் புழங்குகிற ஜெர்மன்.

“இதிலை என்ன தெரியாமல் கிடக்கு?” என்றார். “ஸ்டேசனிலை ரெயின் நேரத்துக்குப் பக்கத்திலை ‘அப்’ எண்டு போடுவான். வெளிக்கிடுது எண்டு அர்த்தம். அப்காஸ் எண்டா காஸ் போட்டுது. பழைய குழாய், காஸ் வந்து வந்து நிக்குது. அமத்தினா திரும்பி வரும்.”

வந்ததே! ஒவ்வொரு தடவையும் வந்தது. நாங்கள் வேறென்ன நினைக்க முடியும்?

என் பங்குக்கு நானும் ஒரு சோதனை செய்தேன். காஸ் குழாயின் மூட்டுகள் எல்லாவற்றிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. மூக்கை வைத்து மணந்தும் பார்த்தேன். காஸ் லீக் என்றால் அழுகின முட்டை மணக்கும். அங்கே ஊதுபத்தி மணந்தது.

“பயப்பிட ஒண்டுமில்லை அக்கா,” என்று சொன்னேன்.

அக்காவின் தலையிடி கூடிக்கொண்டே போனது. சத்தி வேறு, சாப்பிட்டது வயிற்றில் நிற்காது. டொக்டர், நான் சொல்வது உண்மையான டொக்டர், ஒற்றைத் தலைவலி என்று குளிசை கொடுத்தார். ஆறுதல் எடுக்கச் சொல்லி லீவும் எழுதிக் கொடுத்தார். லீவில் அக்கா முழு நாளும் வீட்டில் இருந்தா. முழு நாளும் வீட்டில் இருக்க இருக்க இன்னும் மோசமானா. வைத்த சாமானை எங்கே வைத்தேன் என்று தேடுவா. ஒருநாள் என்னைப் பார்த்துத் தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. முதியோர் இல்லத்து மேற்பார்வைக்காரி போன் எடுத்து, இப்படியே போனால் வேறு ஆளைப் போடவேண்டி வரும் என்று நயமாகச் சொல்லிவிட்டாள். அன்று அண்ணை பகிடி விடவில்லை.

“இவவுக்கு மூளையிலை ஏதும் இருக்குமோ தம்பி?” என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “ஸ்கான் எடுக்க நாள் தந்திருக்கினம். அதுக்குள்ளை ஏதும் நடந்திட்டால்?”

எனக்கும் தலை இடித்துக்கொண்டுதான் இருந்தது. விடிய எழும்பிப் போகிற புது வேலை ஒன்றில் சேர்ந்திருந்தேன், அதனால் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். கதவைத் திறந்ததுமே மிளகாய் கருகுகிற நெடி முகத்தில் அடித்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, நான் வாசலிலேயே இருமத் தொடங்கிவிட்டேன். சுகமில்லாத மனிசி மிளகாய்த்தூளுக்கு வறுக்கத் தொடங்கியிருக்கிறா என்று விளங்கியது. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அடுப்புக்கு மேலே புகையை இழுத்து வெளியே தள்ளுகிற புது மெசின் உச்ச வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா!” என்றேன்.

குசினி நிலத்தில் அலுமாரியில் சாய்ந்து இருந்தா. கையில் அகப்பை. முகம் நல்ல நிறமாக, கன்னம் சிவந்து, குளிரில் நடந்துவிட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. சட்டியில் மிளகாய் கரியாகிவிட்டது.

என்னைத் திடுக்கிட வைத்தது அவ நிலத்தில் இருந்தது அல்ல. அவ இருமவில்லை. அந்த நெடிக்குள் செத்த ஆள்தான் இருமாமல் இருக்கும்.

அடுப்பை நிப்பாட்டினேனா, யன்னலைத் திறந்தேனா, எது முதலில் என்று இன்றைக்கும் ஒழுங்காக வரவில்லை. அக்காவைக் கமக்கட்டுக்குள் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே பனியில் கிடத்தினேன். என் கால்கள் என் சொல் கேட்கவில்லை. அம்புலன்ஸுக்குப் போன் அடித்து, மிளகாய், மிளகாய்ப் புகை என்று தெரிந்த எல்லாப் பாஷையிலும் கத்தினேன். மேல்வீட்டுக்காரி ஒரு கம்பளியோடு இறங்கி ஓடிவந்தாள்.

அம்புலன்ஸ்காரரில் ஒருத்தி அக்காவிடம் குனிந்தாள். மற்றவன் வீட்டுக்குள் பார்க்கப் போனான். அவனுடைய பையில் கொழுவியிருந்த சின்னப் பெட்டியொன்று வாசற்படி தாண்டியதுமே கீச்சிட்டது. நான் யன்னல்களைத் திறந்துவிட்ட பிறகும் கீச்சிட்டது. அவன் போன வேகத்தை விடத் திரும்பி வந்த வேகம் கூட.

“ராவுஸ்! எல்லாரும் வெளியே!” என்று கத்தினான். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். “மிளகாய் இல்லை. கார்பன் மொனொக்சைட்.”

அக்காவின் முகத்தில் ஒக்சிசன் கவசம் ஏறியது. எனக்கும் ஒன்று மாட்டினார்கள். அக்காவை முதலில் கொண்டு போனார்கள். என்னை இரண்டாவதாக வந்த அம்புலன்ஸின் பின்பக்கத்தில் இருத்தி வைத்திருந்தபோது தீயணைப்புக்காரர் வந்து உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களின் தலைவன் வெளியே வந்து என்னிடம் கேட்டான்.

“பொயிலருக்கு எதிரே ஒரு படம் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் என்ன?”

சுவர் என்றேன்.

“இல்லை. காற்று வருகிற துவாரம்.”

அந்தப் படத்தின் கதை எனக்கு அதுவரை தெரியாது, பிறகுதான் தெரிந்தது. நான் வருவதற்கு முன்னம், மேல்வீட்டுக்காரி ஒருநாள் மிக மரியாதையாக வந்து, கறி நல்லாத்தான் மணக்கிறது, ஆனால் என் படுக்கை விரிப்பும் மணக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவள் உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்கு நேர் கீழேதான் அந்தத் துவாரம் திறந்தது. அக்கா வெட்கப்பட்டுப் போனா. முந்தின வருசத்து நாட்காட்டி மட்டை ஒன்று, சாமி படம் போட்டது, எறிய மனமில்லாமல் கிடந்தது. அளவும் சரியாக இருந்தது. நாலு பக்கமும் பார்சல் ஒட்டுநாடா ஒட்டித் துவாரத்தை மூடிவிட்டா. முருகன் ஏறி இருந்த பிறகு அதை ஆர் கழற்றுவது? அடுத்த கிழமை ஊதுபத்தி வந்தது, பிறகு பலகை வந்தது. மணம் வீட்டுக்குள்ளேயே தங்கிப்போனதால், மேல்வீட்டுக் கயிறு இல்லாத பக்கத்தால் அதை வெளியே தள்ள அண்ணை அந்தப் புகையிழுக்கும் மெசினையும் வாங்கிப் பூட்டினார்.

எரிகிற நெருப்புக்குக் காற்று வேண்டும். அந்தப் பழைய பொயிலர் அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் எடுத்து எரிந்தது, கழிவுப் புகையைச் சிம்னியால் மேலே விட்டது. துவாரத்தை அடைத்தாயிற்று, யன்னலும் சாத்தியாயிற்று. குசினி மெசின் காற்றை வெளியே இழுக்க இழுக்க, வீடு தனக்கு வேண்டிய காற்றைச் சிம்னி வழியாக இழுத்தது. மேலே போகவேண்டிய புகை கீழே வந்தது. நிறமில்லை, மணமில்லை. புகை திரும்பி வருகிறது என்று அறிகிற ஒரு சின்ன உறுப்பு பொயிலருக்குள் இருந்தது. அது அறிந்தது. அறிந்து, நெருப்பை நிப்பாட்டியது. நாங்கள் பொத்தானை அமத்தினோம்.

பிறகுதான் எனக்கு ஊதுபத்தி நினைவுக்கு வந்தது. அக்கா கொளுத்தி வைத்ததும், குசினி மெசின் ஓடுகிற பின்நேரங்களில் அதன் புகை பொயிலர்ப் பக்கம் போகாது. வளைந்து கதவால் எங்களிடம் வரும். “பார் தம்பி, சாமி எங்களைத் தேடி வாறார்,” என்பா. சிம்னி தலைகீழாக வேலை செய்வதைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்துவிட்டு நடமாட விட்டார்கள். அண்ணை அதே ஆஸ்பத்திரியில் வேலையில் நின்றவர், வேலை உடுப்போடு ஓடி வந்தார். கீழ்த்தளத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு தாதி எங்களைப் பிடித்து நிறுத்தி, பயப்பட வேண்டாம், கண் திறந்துவிட்டா, ஒக்சிசன் போகிறது, மேலே போய்ப் பாருங்கள் என்றாள். அண்ணை தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

“ஒரு சொல் கேக்கலாமோ?” என்று அவளிடம் ஜெர்மனில் கேட்டார். “அப்காஸ் எண்டா என்ன?”

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்பது போல அவள் பார்த்தாள். பிறகு சொன்னாள். “காருக்குப் பின்னால் குழாயால் வருமே, அதுதான். நச்சுப் புகை.”

 அண்ணை தன்னுடைய வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

லிப்டுக்கு முன்னால் போய் நின்றோம். அவர் அதன் பொத்தானை அமத்தவில்லை. நான் அமத்துவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நான்தான் அமத்தினேன்.

அக்கா கவசத்துக்குள்ளால் எங்களைப் பார்த்தா. அண்ணை கட்டிலின் கால்மாட்டில் நின்றார், கிட்டப் போகப் பயந்தவர் மாதிரி. அக்கா கவசத்தை ஒரு பக்கம் தூக்கினா.

“தூள் கருகிட்டுதோ?”

“ஓம்,” என்றார் அண்ணை. “எல்லாம் கருகிட்டுது.”

“உங்களைக் கண்டும் இப்ப தலையிடிக்கேல்லை,” என்றா அக்கா.

நான் சிரிக்கப் போனேன். அண்ணை கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அக்காவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அவவுக்கு இன்னும் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, ஒரு மிளகாய்த்தூளுக்கு ஆரும் இப்பிடி அழுவினமோ?” என்று கேட்டா.