சீட்டில் வந்த அணி

பங்கஜாக்ஷன் சேட்டன் போன வியாழக்கிழமை இறந்துபோனார். மாரடைப்பு. அறுபத்தாறு வயது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர்; ஆலப்புழைப் பக்கத்து எங்கள் கால்வாயின் இரு கரையிலும் கண்டக்டர் என்றால் அவர்தான். நான் இங்கே வாசகசாலையின் நூலகர். அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டுகளை எழுதியவள் நான்.

குரல்தான் அவர் சொத்து. நெரிசலான பஸ்ஸின் பின்படியிலிருந்து ஓட்டுநர் காதுக்குப் போகிற குரல். ஓணத்துக்கு ஓணம் வாசகசாலையில் விவாதம் நடக்கும். யார் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்வோம். நம்பாததையும் பேசத் தெரிந்தவனே பேச்சாளன் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. கண்டக்டருக்கு எந்த அணி விழுகிறதோ அதுதான் ஜெயிக்கும்.

2021 ஓணத்துக்குத் தலைப்பு, தடுப்பூசி நம்மைக் காக்குமா என்பது. கூட்டம் கூட அனுமதி இல்லை. பேசுகிற நாலு பேரும் நானும் மட்டும் உள்ளே. ஒலிபெருக்கியைக் கூரையில் கட்டி இரு கரைக்கும் கேட்கும்படி வைத்தோம். கண்டக்டர் சீட்டைப் பிரித்தார். காக்காது.

"போச்சுடா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டவன் வாயாலயா இதைச் சொல்லணும், ரெமணி?"

மைக்கைத் தொட்டதும் ஆள் மாறிவிட்டார். "நம்ம பஞ்சாயத்துல இந்த வாரம் ஆஸ்பத்திரியில கிடக்கிறது பத்துப் பேர். அதுல ஆறு பேர் ஊசி போட்டவங்க. டிக்கெட் எடுத்தவனையே நடுவழியில இறக்கிவிடுற பஸ்ஸுல நீங்க ஏறுவீங்களா?"

வீடுகளிலிருந்து கைதட்டல் தண்ணீர் மேல் மிதந்து வந்தது. எதிரணியில் பேசிய டீச்சர் இதற்குப் பதில் சொன்னார். சரியான பதில், ஆனால் நீளமான பதில். அதற்குள் பாதிப்பேர் அடுக்களைக்குப் போயிருப்பார்கள்.

மறுநாள் படகுத்துறையில் ஏலியாம்மா அவரை நிறுத்தினாள். வாத்து வளர்ப்பவள். ஐம்பது தாண்டியவள், இழுப்புக்காரி.

"கண்டக்டரே, நல்லவேளை காப்பாத்தினீங்க. இன்னைக்குத்தான் எனக்கு ஊசி நாள். போகல."

அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு அக்கரையில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். வாத்துகள் காலைச் சுற்றிக் கத்த, நின்றபடியே சொன்னார்.

"நூறு பேர்னு வச்சுக்கோ, ஏலியாம்மா. தொண்ணூறு பேர் ஊசி போட்டவங்க. அதுல ஆறு பேர் ஆஸ்பத்திரியில. போடாதவங்க பத்தே பேர். அதுல நாலு பேர் ஆஸ்பத்திரியில. எது மோசம்?"

"நேத்து பஸ் கதை நல்லா இருந்துச்சு. இன்னைக்கு என்ன, கணக்குப் பாடமா?"

"நேத்துச் சொன்னது சீட்டுல வந்தது, பெண்ணே."

"சீட்டுல வந்த பொய்யை யாராலயும் அவ்வளவு அழகாப் பேச முடியாது. உங்களை யாரோ மிரட்டியிருக்காங்க, பாவம்." பிறகு வாத்துப் பட்டியைக் காட்டினாள். "பறவைக் காய்ச்சல்னு வெள்ளை உடுப்புல வந்து என் முந்நூறு வாத்தை எரிச்சாங்க. நல்லா நீந்திக்கிட்டிருந்த வாத்து. அதே உடுப்புதான இப்ப ஊசியோட வருது?"

"நாளைக்கு வர்றேன்," என்று சொல்லிப் படகேறினார்.

தினமும் போனார். ஐந்தாம் நாள் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "சரி, வர்றேன். புதன்கிழமை. உங்க தொல்லைக்காக. உங்க கணக்கை நம்பி இல்ல."

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். பதினாறாம் நாள் சவப்பெட்டி படகில் வந்தது. கண்டக்டர் வாசகசாலைக் கரையில் நின்றார். படகு போய் வெகுநேரம் ஆன பிறகும் நின்றார்.

டாக்டரிடம் நான் கேட்டேன். அந்த முதல் நாளே ஊசி போட்டிருந்தாலும் உடம்பில் பலம் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார். அதை அப்படியே சேட்டனிடம் சொன்னேன்.

"கணக்கு சரிதான், ரெமணி," என்றார். "கணக்கு எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு."

அதன்பின் அவர் மைக்கைத் தொடவில்லை. டீக்கடையில்கூட அவர் கேட்பது என்னவென்று தெரிய கடைக்காரர் குனியவேண்டியிருந்தது. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னைக்குப் பேசினதைப் பதிவு பண்ணியே, அதை அழிச்சிடு."

அழித்துவிட்டேன் என்றேன். ஒவ்வொரு ஓணத்துக்கும் கேட்பார்: "அழிச்சியா?" "அழிச்சாச்சு, சேட்டா." அழிக்கவில்லை. அவர் குரல் அவ்வளவு நன்றாக வேறு எதிலும் பதிவாகவில்லை.

நேற்று வாசகசாலையில் இரங்கல் கூட்டம். பேச வந்தவர்கள் எல்லாரும் அந்தக் குரலைப் பற்றியே பேசினார்கள். புதிய செயலாளர் நல்லெண்ணத்தில்தான் வாசகசாலைக் கணினியில் அவர் குரலைத் தேடியிருக்கிறார். நான் எழுந்து ஓடுவதற்குள் கூரை ஒலிபெருக்கியிலிருந்து கேட்டது: "டிக்கெட் எடுத்தவனையே நடுவழியில இறக்கிவிடுற பஸ்ஸுல…"

கண்ணீரோடு கைதட்டினார்கள். எதிர்க்கரையில் ஏலியாம்மாவின் மகன் படகைக் கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றைக் கையில் பிடித்தபடி கடைசிவரை கேட்டான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டீச்சரின் பதில் அந்தப் பதிவில் இல்லை. கைதட்டல் முடிந்ததும் நான் பதிவை நிறுத்தியிருந்தேன்.