பதினாலு டின் மீனும் நல்லூர்க் கொடியும்

கொழும்பிலிருந்து இனி லொறி வராது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யாழ்ப்பாணமே இன்று கடைகளில்தான் நின்றது.

மண்ணெண்ணெய் இல்லாமல் என் கணவரின் வள்ளம் மூன்று நாளாகக் கரையில் கிடக்கிறது. மீன்பிடிக்கிற ஊரான குருநகர்க்காரி நான், வெட்கத்தை விட்டு டின் மீன் வாங்கப் போனேன்.

கடை அலுமாரித் தட்டில் ஒன்றுமில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர். அவர் கூடையில் பதினாலு டின்!

"அண்ணை, எனக்கு ஒண்டு தாங்கோவன்."

"ஏலாது தங்கச்சி. இனிச் சாமான் வராதாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு நல்லூர்க் கொடியேற்றமெல்லோ அண்ணை? திருவிழா முடியுமட்டும் உங்கடை வீட்டிலை மீன் மச்சம் சமைப்பினமோ?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் தன் கூடையைப் பார்த்தார்.

"ஐயோ! விரதத்துக்கு வீடெல்லாம் கழுவியாச்சு. உதோடை போனால் மனிசி படலையே திறக்க மாட்டா!"

பதினாலையும் ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி வைத்தார். நான் இரண்டை எடுத்தேன். மிச்சத்தைப் பின்னால் நின்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போற சனம். நல்லூர்க் கந்தனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தலாமோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.