குடிலுக்கு முன்னால் ஒரு பூசணிக்காய்

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நானும் என் கணவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் கட்டிங்கில், நான் செக்கிங்கில். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். தெருவின் இந்தக் கோடியில் சர்ச், அந்தக் கோடியில் செம்மணல் தேரிக்காடு. நடுவில் இருந்த எல்லா வீடும் எங்களுக்குச் சொந்தமோ பந்தமோ வேண்டும்.

திருப்பூருக்குப் பிழைக்க வந்த எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு ஒரு வேடிக்கையான தலையெழுத்து உண்டு. நாங்கள் தீபாவளிக்குத்தான் ஊருக்குப் போவோம். கம்பெனி அப்போதுதான் போனஸ் கொடுத்து, நாள் கணக்கில் லீவும் விடும். திருப்பூரே காலியாகும்போது நாங்களும் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறுவோம். போய் இறங்கினால் எங்கள் தெருவில் ஒரு வெடிச் சத்தம்கூட இருக்காது. "வாரதுதான் வாரிய, நம்ம பண்டியலுக்கு வரக்கூடாதா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள். எந்தக் கம்பெனியில் போய் அதைச் சொல்ல?

டிசம்பர் என்றால் கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. வெளிநாட்டுக்காரர்களின் கோடைக்கால ஆர்டர் ஓடும். கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்ட சட்டைகளை ஆடி மாதத்திலேயே செக் செய்து, பெட்டி கட்டி அனுப்பியிருப்போம். உலகத்துக்கெல்லாம் கிறிஸ்துமஸ் சட்டை அனுப்பிய கை, கிறிஸ்துமஸ் அன்று காலையில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு மதியம் கடற்கரை பனியனுக்கு நூல் வெட்டிக்கொண்டிருக்கும். ஊரில் என்றால் மார்கழிப் பனியில் விடியுமுன்னே கிறிஸ்துமஸ் பஜனை பாடிக்கொண்டு எங்கள் தெருவில் வருவார்கள். போர்வைக்குள் படுத்துக்கொண்டே எது யார் குரல் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். செக்கிங் டேபிளில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கும்போது அந்தக் குரல்கள் காதில் கேட்கும். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதை நடத்தியவர் அந்த ஊர்க் கவுண்டர் வீட்டு அம்மா. பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய மிஸ்'. கிறிஸ்துமஸ் என்றால் என்ன, எப்படிக் கொண்டாடுவது என்பதெல்லாம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. தெற்கிலிருந்து வந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் படிக்கிறார்கள், அதனால் கொண்டாடியாக வேண்டும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனவே தனக்குத் தெரிந்த மாதிரி, கம்பெனிகளில் ஆயுத பூஜை கொண்டாடுவதைப் போலவே கிறிஸ்துமஸையும் கொண்டாடினார்.

வாசலில் வாழைக்கன்று கட்டுவார். சீரியல் லைட் போடுவார். குழந்தை இயேசு படுத்திருக்கும் குடிலுக்கு முன்னால் பொரியும் கடலையும் படைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டுவார். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஏதோ ஒரு கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட சிவப்புத் துணியில் அங்கி, வேஸ்ட் நூலில் தாடி. எல்லாம் முடிந்ததும் ஒரு வெள்ளைப் பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறையும் உள்ளே திணித்து, பிள்ளைகளைச் சுற்றித் திருஷ்டி கழித்து வாசலில் போட்டு உடைப்பார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. என் மகளோ, "பெரிய மிஸ் கிறிஸ்துமஸ் சாமிக்குத் திருஷ்டி கழிச்சாங்கம்மா, எனக்கு ரெண்டு காசு கெடச்சுதுங்க" என்று குதித்தாள். என் வயிற்றில் பிறந்தது என்னிடமே திருப்பூர்க்காரர்களைப் போல 'ங்க' போட்டுப் பேசியது. அவளுக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் அது ஒன்றுதான். நாங்கள் கம்பெனிக்கு ஓடிய பிறகு வீட்டில் அவளுக்கு என்ன பண்டிகை இருந்தது?

அவள் இரண்டாம் வகுப்பு படித்த அந்த வருடம் பள்ளி விழாவில் தேவதை வேஷம். கட்டிங்கில் விழுந்த வெள்ளைத் துணியை எடுத்துவந்து, சட்டைக்கு அளவெடுப்பது போல அளவெடுத்து, அவள் அப்பா இரண்டு சிறகு வெட்டிக் கொடுத்தார். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

இப்படியிருக்க, அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது விழாவைப் பற்றிப் பேசப் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டார் பெரிய மிஸ். பாதி கட்டிய குடில் மூலையில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். சொந்தமாக நிட்டிங் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் முதலில் எழுந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ். புள்ளைகளப் படிக்கறதுக்குத்தானுங்க அனுப்பறோம். பண்டிகையெல்லாம் அவங்கவங்க ஊட்டுல கொண்டாடிக்கட்டும். பள்ளிக்கூடத்துல எதுக்குங்க?"

அவர் உட்காரும் முன்னே எங்கள் ஊர்ப்பக்கத்து அயர்னிங் மாஸ்டர் ஒருவர் எழுந்துவிட்டார். ஜெபக்கூட்டத்தில் முக்கியமான ஆள். "அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. குடிலுக்கு முன்னால தேங்காய் ஒடைக்கீங்க, சூடம் காட்டுதீங்க. எங்க சபையில கேட்டா நான் என்ன பதில் சொல்ல? இப்பிடிக் கொண்டாடுததுக்குக் கொண்டாடாமலே இருந்துரலாம்."

ஒருவருக்குக் கிறிஸ்துமஸே வேண்டாம். இன்னொருவருக்கு அது சுத்தமான கிறிஸ்துமஸாக இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இந்த ஒற்றுமையைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. "ரெண்டு பக்கமும் வேண்டாமுன்னா எனக்கு மட்டும் எதுக்குங்க வம்பு? நிறுத்திப்போடலாமுங்க. அப்பறம் பொங்கலுக்குக் கும்மியும் வேண்டாம், சரஸ்வதி பூஜையும் வேண்டாம்."

அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லோரும் எழப் பார்த்தார்கள். வீட்டில் தலைமாட்டில் இருந்த சிறகுதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லாத நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஊட்டுல கொண்டாடுங்கன்னு அண்ணாச்சி சொல்லுதாக. எங்க வீட்டுல யாரு இருக்கா கொண்டாட? அன்னைக்கு மத்தியானம் நானும் அவியளும் கம்பெனியில நிப்போம். எங்க பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ்னா இந்தப் பள்ளிக்கூடந்தான். வீட்டுக்குள்ள கும்பிட்டா அது எங்களோட போச்சு. இங்க வச்சுக் கொண்டாடுனாத்தான் கூடப் படிக்குத பிள்ளைகளுக்கு எங்க பிள்ளை யாருன்னு தெரியும். எங்க பிள்ளையும் கும்மி அடிக்கால்ல? வேண்டாம்னு நாங்க சொன்னமா?" என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நிட்டிங் கம்பெனிக்காரரின் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே புருஷனைப் பார்த்தார். "நம்ம பையனுக்கு ஆடு மேய்க்கற வேசமுங்க. தடியக் கையில வெச்சுட்டு ஊட்டுக்குள்ள சுத்திட்டே இருக்கறான். இன்னைக்குப் போயி வேண்டாமுன்னு நீங்களே அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "செரி, இந்த வருசம் நடக்கட்டுமுங்க" என்றார். பெரிய மிஸ் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, உங்க ஊர்ல எப்படிச் செய்வீங்களோ அதே மாதிரி சொல்லுங்க. அப்படியே பண்ணிப்போடலாம்."

எனக்கு அன்றைக்கு வானத்தில் பறக்காத குறைதான். கம்பெனியில் கெஞ்சி பர்மிஷன் வாங்கினேன். மூங்கில் சிம்பு வளைத்து, கலர் பேப்பர் ஒட்டி, ஊரில் எங்கள் வீட்டு முன்னால் தொங்குமே அதைப் போலவே ஒரு நட்சத்திரம் செய்தேன். பிள்ளைகளுக்கு எங்கள் பஜனைப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். வாழைக்கன்று இல்லை, சூடம் இல்லை, தேங்காய் இல்லை. மெழுகுவர்த்தி மட்டும்.

விழா அன்று பிள்ளைகள் பாடினார்கள். கவுண்டர் வீட்டுப் பிள்ளையும் எங்கள் பிள்ளையும் மதுரைப் பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்து பாடிய பாட்டில், கண்ணை மூடினால் எங்கள் தெரு. அதே பனி, அதே போர்வை, அதே குரல்கள். இத்தனை வருடம் ஏங்கியது கைக்குக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அயர்னிங் மாஸ்டர்கூட கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்து பார்த்தால், என் மகள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. சிறகோடு நின்றுகொண்டு வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து கேக்கும் கொடுத்தாகிவிட்டது. என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பூசணிக்காய் எப்பங்கம்மா ஒடைப்பாங்க?"

"இந்த வருசம் கிடையாதுட்டி. இதுதான் நம்ம ஊரு கிறிஸ்துமஸ்."

"அப்ப எங்க ஸ்கூல் கிறிஸ்துமஸ் எப்பங்க?"

அவள் உதடு பிதுங்கியது, அழ ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்து மேய்ப்பனாக நின்ற நிட்டிங் கம்பெனிக்காரர் மகனும் மூக்கை உறிஞ்சினான். நான் ஊரை நினைத்து ஏங்குவது போலத்தான் அவள் அந்தப் பூசணிக்காயை நினைத்து ஏங்குகிறாள் என்று அந்த நிமிஷத்தில் புரிந்தது. எனக்கு எங்கள் தெரு எப்படியோ, அவளுக்கு அந்தப் பள்ளிக்கூட வாசல் அப்படி.

பெரிய மிஸ் என் காதருகில் குனிந்தார். "பூசணிக்காய் வாங்கி ரூமுக்குள்ள வெச்சிருக்கேனுங்க அம்மிணி. வேண்டாமுன்னாங்கன்னு எடுக்கல. வருசா வருசம் வாங்கிப் பழகிப்போச்சுங்க, இந்தத் தடவ வாங்காம இருக்க மனசு வல்லீங்க."

நான் அயர்னிங் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் நட்சத்திரத்தைப் பார்த்தார். அழுகிற தேவதையைப் பார்த்தார். "குடிலுக்கு முன்னால வேண்டாம்" என்றார் கடைசியில். "வெளிய ரோட்டுல வச்சு ஒடைச்சா அது ரோட்டு விசயம். அதுல நான் என்ன சொல்ல?"

பூசணிக்காய் வெளியே வந்தது. பெரிய மிஸ் தூக்கப் போனார். நிட்டிங் கம்பெனிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "தள்ளுங்க மிஸ். கம்பெனியில வருசா வருசம் நாந்தானுங்க ஒடைக்கறது. இதுக்கெல்லாம் ஒரு கைப்பாகம் வேணுமுங்க."

பள்ளிக்கூடத்தில் பண்டிகை எதற்கு என்று கேட்ட அதே மனிதர், மரியாள், சூசை, மேய்ப்பர், ராஜாக்கள், வேஸ்ட் நூல் தாடிக்காரர், தேவதை என அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துச் சுற்றித் திருஷ்டி கழித்தார். பிறகு ஓங்கி ரோட்டில் போட்டார். குங்குமத்தோடு காசு சிதறியது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். என் மகளின் ஒரு சிறகு மேய்ப்பனின் காலுக்குக் கீழே கிழிந்தது. அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. கையில் ஒரு காசைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் குங்குமமாக எழுந்து நின்று சிரித்தாள். அயர்னிங் மாஸ்டரின் மகனுக்கும் ஒன்று கிடைத்தது. "சட்டையில தேய்க்காதல" என்று அதட்டியபடியே அவர் தன் கைக்குட்டையால் மகனின் கையைத் துடைத்துவிட்டார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே இல்லை. எந்த நாட்டிலோ பாங்கெல்லாம் கவிழ்ந்ததாம், எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் நின்றது. வேலையும் போய், மூட்டை முடிச்சோடு ஊருக்கே திரும்பிவிட்டோம். அந்த டிசம்பரில் நான் ஏங்கியதெல்லாம் கிடைத்தது. விடியற்காலைப் பஜனை, முந்திரிக்கொத்து, சொந்தக்காரர்கள் நிறைந்த சர்ச். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என் மகள் கேட் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளோடு சேர்ந்து நானும் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

இப்போது அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள், சந்தையிலிருந்து ஒரு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கிவந்து அடுக்களையில் வைத்தாள். "என்னத்துக்குட்டி?" என்றேன். "சும்மாதாங்க" என்றாள். எங்கள் சர்ச் தெருவில் பூசணிக்காய் உடைத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் அதை மோர்க்குழம்பு வைத்துவிட்டோம். அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது நிட்டிங் மிஷின் ஓடுகிறதாம். பெரிய மிஸ் எங்கே இருக்கிறாரோ, தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பண்டிகை கொண்டாடலாமா, கூடாதா என்று டிவியில் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறார்கள். இவர்கள் யாரும் அந்த வாசலில் நின்றதில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். எங்கள் ஊரில் இப்போது எனக்கு வேண்டிய மட்டும் கிறிஸ்துமஸ் இருக்கிறது. ஆனால் பாட்டு முடிந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுக்கும்போது என் கண் மட்டும் இன்னும் வாசல் பக்கம் போய், கையில் பூசணிக்காயோடு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.