காளியப்பனின் ஞாயிற்றுக்கிழமைக் கேசட்

காளியப்பனுக்குத் தீபாவளிகூட வருடத்துக்கு ஒருமுறைதான். புதுக் கேசட் வாரம் தவறாது. சனிக்கிழமை தேயிலை ஃபேக்டரியில் வேலை முடிந்ததும் லோரியில் தொற்றிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போவார். ராதாகிருஷ்ணன் கடையில் அதுவரை கேட்காத ஒன்றைத் தேடிப் பிடித்து, பனி படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவார்.

ஞாயிறு காலை லயத்து வீட்டு வாசல் பெஞ்சில் பேட்டரியில் ஓடும் கேசட் ரேடியோவை வைத்து இரண்டு பக்கமும் ஓடவிடுவார். நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் தீர்ப்பு. பெரிய ஐக்கோர்ட்டுத் தீர்ப்பு! பக்கத்து வீட்டுச் சிங்காரம் முதல் நாலு பேர் அதற்காகக் காத்துக் கிடப்பார்கள்.

"மூணாவது பாட்டு கொழுந்து. மத்ததெல்லாம் முத்தல் இலைலா," என்பார். முத்தலையும் மனிதர் வாரம் முழுக்கக் கேட்பார். கேட்கக் கேட்க முத்தலிலும் சாறு இறங்கும் என்பது அவர் கட்சி.

மனைவி ருக்குமணி அபிப்பிராயமே சொன்னதில்லை. அவளுக்குப் பாட்டைவிட, பாட்டுக் கேட்கும் அவர் முகம்தான் பிடிக்கும்.

காளியப்பன் இளவட்ட வயதிலிருந்தே இலை உருட்டும் மெஷினில் நின்றவர். அந்த இரைச்சலில் யார் பேச்சும் எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். விரல்களைத் தேய்த்துக் காட்டினால் இலை முத்தல். ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் இன்னொரு சுற்று ஓட்டு. ருக்குமணியும் அங்கே இலை அள்ளிப் போட்டவள். இரண்டு பேரும் காதலித்ததே அந்த ஜாடையில்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு வந்தபோது அந்த மெஷின் அவர் காதைத் தின்று முடித்திருந்தது. அவரோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். ரேடியோ சத்தம் வாரத்துக்கு வாரம் ஏறியது. ருக்குமணிக்குத் தெரியும், சொல்ல மனம் வரவில்லை. கேசட்டும் இல்லையென்றால் இந்த மனிதர் ஒடிந்துபோவாரே என்று பயந்தாள்.

ஒரு ஞாயிறு, பாட்டு நடுவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பாடியவர் குரல் இழுத்துக்கொண்டே போய் நின்றது. காளியப்பன் மட்டும் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"செவிடன் காதுல ஊதுன சங்குலா," என்று சிங்காரம் சிரித்தான்.

"வாய மூடு சிங்காரம்," என்றாள் ருக்குமணி.

கண்ணைத் திறந்த காளியப்பன் எல்லார் முகத்தையும் பார்த்தார். புரிந்துகொண்டார். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் லோரி ஏறவில்லை. "எனக்கு எதுக்கு இனிமே," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ருக்குமணிக்குக் கோபம் வந்தது. தானே டவுனுக்குப் போய்ப் பேட்டரியும் ஒரு புதுக் கேசட்டும் வாங்கி வந்தாள்.

ஞாயிறு காலை தனியாக அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டாள். பிறகு ரேடியோவோடு அவர் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு விரலைக் காட்டினாள். முதல் பாட்டு. விரல்களைத் தேய்த்தாள். முத்தல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு விரல். மறுபடி தேய்த்தாள். அவர் கையை இழுத்து, அந்தப் பாட்டின் தாளத்தை உள்ளங்கையில் தட்டிக் காட்டினாள்.

காளியப்பனின் புருவம் சுருங்கியது.

"இந்தத் தாளத்துல போற பாட்டு முத்தலா? ஒனக்கு என்னா தெரியும்?"

ருக்குமணி விடவில்லை. முத்தல்தான் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

அவர் தன் உள்ளங்கையை அவள் மடியில் விரித்து வைத்தார். மற்றக் கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கி மெல்லச் சுழற்றினார்.

ருக்குமணி அந்தப் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.